குவாலிஸின் நாசிலும் இன்னோவாவின் இஞ்செக்டரும்

டொயோட்டாவின் குவாலிஸ் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியச் சாலைக்கு வந்தது. 2005இல் அதை நிறுத்திவிட்டு அதே இடத்தில் இன்னோவாவை நிறுத்தினார்கள். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: கல்யாண ஓட்டம், சபரிமலை, திருப்பதி, விமான நிலையம், நள்ளிரவு ஆஸ்பத்திரி. டெல்லி வட்டாரத்தில் பத்து வயதைக் கடந்த டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது. தமிழ்நாட்டுக்கு அந்த உத்தரவு பொருந்தாது. எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று கிடைக்கும் வரை இங்கே வண்டி ஓடும். அதனால்தான் 4 லட்சம் கிலோமீட்டர் கண்ட குவாலிஸும் இன்னோவாவும் ஒரே ஒர்க்‌ஷாப்பில் பக்கத்துப் பக்கத்தில் பானெட்டைத் திறந்து நிற்பதை இன்றும் பார்க்கலாம்.

இதில் எது நல்ல வண்டி என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. வயதான எஞ்சினில் கோளாறு வந்தால் அது எங்கே தலைகாட்டுகிறது, எதை வைத்துப் பிடிப்பது என்பதில் இந்த இரண்டும் அடியோடு வேறுபடுகின்றன. இன்னோவாவில் பழுது கண்டுபிடிப்பதே கஷ்டம் என்று பல உரிமையாளர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதில் கஷ்டமானது ஊகிப்பது. குவாலிஸ் காலத்தில் ஊகம் தப்பினால் கொஞ்சம் பணமும் ஒரு நாள் ஓட்டமும் போகும். இன்னோவாவில் அதே ஊகம் வண்டியின் மறுவிலையில் பெரும்பங்கை விழுங்கிவிடும்.

குவாலிஸில் இருந்தது 2எல் வகை டீசல் எஞ்சின்: 2.4 லிட்டர், டர்போ கிடையாது, 75 குதிரைத்திறன். டைமிங் பெல்ட் சுழற்றும் டீசல் பம்ப் ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைவைத்து டீசலைத் தள்ளும். பைப்பில் அழுத்தம் சுமார் 150 பாரைத் தொட்டதும் நாசிலின் ஸ்பிரிங் விட்டுக்கொடுக்கும். டீசல் முன்னறைக்குள் தெளிக்கும். எவ்வளவு, எப்போது என்பதையெல்லாம் பம்புக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் எடைகளுமே தீர்மானிக்கின்றன. ஸ்டார்ட் ஆன பிறகு மின்சாரத்தின் முக்கிய வேலை, பம்ப் தலையில் உள்ள சொலினாய்டைத் திறந்து பிடித்திருப்பதுதான்.

இன்னோவாவின் 2கேடி எஞ்சின் 2.5 லிட்டர், டர்போவோடு 102 குதிரைத்திறன். இங்கே பம்ப் செய்வது அழுத்தம் ஏற்றுவது மட்டுமே. டீசல் காமன் ரெயில் எனப்படும் பொதுக் குழாயில் காத்திருக்கும். எந்த இஞ்செக்டர் எத்தனை நேரம் திறக்கவேண்டும் என்பதை இ.சி.யு. என்ற எஞ்சின் கணினி முடிவுசெய்யும். வண்டி நின்றபடி ஓடும்போது ரெயிலில் 300 பாரை ஒட்டி அழுத்தம் இருக்கும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் ஆயிரத்தைத் தாண்டும்.

காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் வண்டியிலிருந்து ஒப்பீட்டைத் தொடங்கலாம். முதல் சோதனை இரண்டுக்கும் பொது. ஃபில்டர் மேல் இருக்கும் கைபம்பை அழுத்திப் பார்க்கவேண்டும். நன்றாக அழுத்திய பிறகு சட்டென்று ஸ்டார்ட் ஆனால் லைனில் காற்று நுழைகிறது என்று பொருள். இருபது வருட ரப்பர் ஹோஸ், காய்ந்துபோன ஓ-ரிங், கைபம்பின் கிழிந்த டயஃப்ரம் ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். இந்தச் சோதனையைச் செய்யாமலே பம்பைக் கழற்றும் ஒர்க்‌ஷாப்புகள் உண்டு என்பது எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

அதற்கு அப்பால் பாதைகள் பிரிகின்றன. குவாலிஸ் குளிர்ந்திருக்கும்போது மட்டும் அடம்பிடித்து, சூடானதும் ஒழுங்காக எடுத்தால் ஹீட்டர் பிளக்கையோ கம்ப்ரஷனையோ பார்க்கவேண்டும். காலையில் ஒரே சாவியில் எடுத்துவிட்டு, மதியம் டீக்கடையில் நிறுத்தி எடுக்கும்போது முரண்டு பிடித்தால் பம்பின் தலை தேய்ந்திருக்கிறது. சூட்டில் டீசல் இளகும். தேய்ந்த இடைவெளி வழியே கசியும். ஸ்டார்ட்டர் சுழற்றும் மெதுவான வேகத்தில் நாசிலைத் திறக்கும் அழுத்தம் கிடைக்காது. பழைய மெக்கானிக்குகள் ஈரத்துணியைப் பம்ப் தலைமேல் போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள். குளிர்ந்ததும் ஸ்டார்ட் ஆகிவிட்டால் பம்ப் வேலை உறுதி. ஸ்கேனரோ கேஜோ இல்லாமல், எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்ற அறிவை மட்டும் வைத்துச் செய்யும் சோதனை இது. இந்த ஒரு சோதனைக்காகவே அந்தத் தலைமுறை மெக்கானிக்குகளை நான் மதிக்கிறேன்.

இன்னோவாவிலும் சூட்டில் ஸ்டார்ட் ஆகாத நோய் உண்டு. டீசல் இளகிக் கசிவதுதான் அங்கேயும் காரணம். கசியும் இடம்தான் வேறு. இஞ்செக்டர் தேய்ந்தால் அதன் உள்வழியே டீசல் டேங்குக்குத் திரும்பிவிடும். ரெயிலில் குறைந்தபட்ச அழுத்தம் ஏறாதவரை இ.சி.யு. இஞ்செக்டரைத் திறக்கவே விடாது. ஸ்டார்ட்டர் வேகமாகச் சுழலும், எஞ்சின் மூச்சுவிடாது, சைலன்ஸரில் புகைகூட வராது. குளிரில் எடுக்க மறுக்கும் குவாலிஸ் வெள்ளைப்புகையாவது கக்கும்; டீசல் போகிறது, எரியவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். இன்னோவா ஒன்றும் காட்டாது. அதனிடம் எண்களைத்தான் கேட்கவேண்டும். ஸ்கேனரைச் செருகி, ஸ்டார்ட்டர் சுழலும்போது ரெயில் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கவேண்டும். பிறகு ஒவ்வொரு இஞ்செக்டரிலிருந்தும் திரும்பும் டீசலைத் தனித்தனியே பிடித்து அளந்தால் திருடன் யாரென்று தெரிந்துவிடும்.

ஸ்கேன் போடுவது வேறு, நோயறிவது வேறு. இந்த வேறுபாடு பிடிபடாததால்தான் இன்னோவா உரிமையாளர்கள் அதிகம் பணம் இழக்கிறார்கள். செக் லைட் எரிகிறது. ஸ்கேனர் பி0087 என்று காட்டுகிறது. ரெயில் அழுத்தம் போதவில்லை என்பது அதன் பொருள். ஏன் போதவில்லை என்பது அந்தக் குறியீட்டில் இல்லை. அடைத்த ஃபில்டரும் இதே குறியீட்டைத் தரும். லைனில் புகும் காற்றும் தரும். பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் எஸ்.சி.வி. என்ற வால்வு ஒட்டிக்கொண்டாலும் தரும். பம்ப் தேய்ந்தாலும், இஞ்செக்டர் கசிந்தாலும் தரும். ஃபில்டர் சில நூறு ரூபாய், எஸ்.சி.வி. சில ஆயிரம், நான்கு இஞ்செக்டர் என்றால் மிகப் பெரிய தொகை. குறியீட்டைப் பார்த்த கையோடு இஞ்செக்டருக்கு ஆர்டர் போடுபவர் இந்த வரிசையைத் தலைகீழாக நடக்கிறார்.

எஸ்.சி.வி.க்கு ஒரு தனி நடை உண்டு. சிக்னலில் நிற்கும்போது ஆர்.பி.எம். முள் ஏறி இறங்கும். ஸ்பீட் பிரேக்கருக்காக வேகம் குறைத்ததும் எஞ்சின் அணைந்துவிடும். ஐந்து நிமிடம் கழித்து எதுவும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். இந்த நடை தெரிந்த டிரைவர் சொல்லும் நான்கு வாக்கியம், ஸ்கேனர் காட்டும் குறியீட்டைவிட அதிகம் உதவும். ஒர்க்‌ஷாப்பில் ஓனரை மட்டும் கேட்டுவிட்டு வண்டியோட்டும் அண்ணனை விட்டுவிடக்கூடாது.

அடுத்து மிஸ்ஸிங். குவாலிஸில் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, எஞ்சின் ஓடும்போதே நாசில் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். நல்ல சிலிண்டரின் பைப்பைத் தளர்த்தினால் ஓட்டம் தடுமாறும். கெட்டதைத் தளர்த்தினால் மாற்றமே இருக்காது. எந்த பைப்பைத் தளர்த்தும்போது எஞ்சினின் ‘டக் டக்’ சத்தம் நின்றுபோகிறதோ அந்த நாசில் ஒழுங்காகத் தெளிக்காமல் சொட்டுகிறது.

இந்தப் பழக்கத்தோடு இன்னோவாவின் பைப்பில் ஸ்பேனர் வைப்பது உயிருக்கே ஆபத்து. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியதுபோல் சிறு புள்ளிதான் தெரியும். உள்ளே தசை அழுகத் தொடங்கியிருக்கும். விரலையே எடுக்கவேண்டி வரலாம். அப்படிப் பட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஓடும் காமன் ரெயில் எஞ்சினில் எந்த டீசல் பைப்பையும் தளர்த்தக்கூடாது என்று ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகும் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிவைக்கவேண்டும்.

இன்னோவாவில் அதே கேள்விக்கு ஸ்கேனரின் ஒரு பக்கம் பதில் வைத்திருக்கிறது. நான்கு சிலிண்டரும் சமமாகச் சுழலவேண்டும் என்பதற்காக இ.சி.யு. ஒவ்வொன்றுக்கும் டீசலைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது. அந்தத் திருத்த அளவு நான்கிலும் சுழியத்தை ஒட்டி இருக்கவேண்டும். ஒன்று மட்டும் மூன்றைத் தாண்டி நின்றால் அந்த சிலிண்டரைச் சந்தேகிக்கலாம். ஆனால் சந்தேகம் சிலிண்டர் மேல்தான், இஞ்செக்டர் மேல் அல்ல. கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டரும் சோம்பலாகத்தான் சுழலும், இ.சி.யு. அதற்கும் டீசலைக் கூட்டிக் கொடுக்கும். வால்வு சரியாக உட்காராத வண்டிக்குப் புது இஞ்செக்டர் போட்டால் பணம் போகும், மிஸ்ஸிங் போகாது.

இதே திருத்தத்தில் இன்னொரு விளைவும் இருக்கிறது. குவாலிஸ் தேய்வது டிரைவருக்கு நாள்பட நாள்படத் தெரியும்: பிக்கப் குறையும், மலைப்பாதையில் ஒரு கியர் கூடுதலாக இறக்கவேண்டி வரும், புகை கறுக்கும். இன்னோவாவில் இ.சி.யு. அந்தத் தேய்மானத்தை ஈடுகட்டிக்கொண்டே போகிறது. ஈடுகட்ட முடியாத எல்லை வந்ததும் ஒரே நாளில் லைட் எரிந்து, சக்தி குறைந்து, வண்டி ஓரம் கட்டுகிறது. “நேற்றுவரை நல்லா ஓடுச்சு” என்று உரிமையாளர் சொல்வது பொய்யில்லை. அதனால் 3 லட்சம் கடந்த இன்னோவாவுக்கு எந்தக் கோளாறும் இல்லாதபோதே இந்த எண்களை ஒருமுறை எடுத்துக் குறித்துவைப்பது நல்லது. பின்னால் ஒப்பிட அதைவிட உதவும் கருவி வேறில்லை.

கரும்புகை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. குவாலிஸில் ஏர் ஃபில்டர், நாசில், பம்ப் செட்டிங் என்ற மூன்றோடு தேடல் முடிந்துவிடும். இன்னோவாவில் டர்போ ஹோஸ் விரிசலும், இ.ஜி.ஆர். வால்விலும் இன்டேக்கிலும் படியும் கரியும் அதனோடு சேரும். கூலன்ட் பிரச்சினையில் இரண்டும் ஒன்றுதான். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கவேண்டும். 2எல் எஞ்சின் ஒருமுறை நன்றாகச் சூடேறியிருந்தால் ஹெட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பிரஷர் போட்டுப் பார்க்காமல் கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடக்கூடாது.

எந்த ஸ்கேனரும் காட்டாத ஒரு கோளாறு 2கேடி எஞ்சினில் உண்டு. இஞ்செக்டருக்கு அடியில் எரியறையை அடைத்து நிற்பது ஒரு செப்பு வாஷர். லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டத்தில் அது விட்டுக்கொடுத்தால், எரிந்த வாயு மேலேறி ஆயிலில் கலக்கும். ஆயில் தார்போல் கெட்டியாகும். அந்தக் கசடு சம்ப்பில் இருக்கும் ஆயில் வலையை அடைக்கும். வலை அடைபட்டால் ஆயில் மேலே ஏறாது. பேரிங் பிடித்து எஞ்சின் போய்விடும். இதற்கு உணர்கருவி கிடையாது. ஆயில் லைட் எரிவதுதான் எச்சரிக்கை. அது வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். பழைய மெக்கானிக்கின் காதும் கண்ணும் இங்கே கைகொடுக்கும்: குளிர்ந்த எஞ்சினில் ‘சஃப் சஃப்’ என்று சன்னமாக வரும் மூச்சுச் சத்தம், இஞ்செக்டரைச் சுற்றி மொறமொறவென்று படிந்த கரி, ஆயில் மூடிக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புக் கசடு. இந்த அறிகுறி இருந்தால் வாஷரை மாற்றுவதோடு நிறுத்தாமல் சம்ப்பை இறக்கி வலையையும் பார்க்கவேண்டும்.

எரிந்த வாயு ரிங்கைத் தாண்டி ஆயில் பக்கம் தள்ளும் பேக் கம்ப்ரஷனிலும் இரண்டு வண்டியும் ஒரே தரையில் நிற்கின்றன. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை விட்டுவிட்டுத் தள்ளுகிறதா என்று பார்ப்பார்கள். இது முதல் அறிகுறி, தீர்ப்பல்ல. 4 லட்சம் ஓடிய டீசல் எஞ்சினில் கொஞ்சம் புகை இயல்பு. ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குறைகிறது என்று தொடர்ந்து எழுதிவைத்த நோட்டு இருந்தால் அது இன்னும் உறுதியான சாட்சி. நாசிலை அல்லது ஹீட்டர் பிளக்கைக் கழற்றி கேஜ் வைத்து எடுக்கும் கம்ப்ரஷன் சோதனை எல்லாவற்றையும்விட உறுதியானது. நான்கு சிலிண்டரின் அளவும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருந்தால், மொத்தத்தில் கொஞ்சம் குறைந்திருந்தாலும் எஞ்சின் இன்னும் ஓடும். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அதில் சிறிது ஆயில் விட்டு மறுபடி எடுக்கவேண்டும். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். டீசல் சிலிண்டரில் இடம் மிகக் குறைவு என்பதால் விடும் ஆயில் சில சொட்டுக்கு மேல் போகக்கூடாது. கூடினால் ஆயில் நசுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இந்தச் சோதனைக்கு ஒரு மணி நேரமோ கொஞ்சம் கூடுதலோ ஆகும். எஞ்சினை இறக்கவேண்டும், போர் வேலை பார்க்கவேண்டும் என்று யார் சொன்னாலும், குவாலிஸோ இன்னோவாவோ, அந்த நான்கு எண்களை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேஜ் வைக்காமலே இறக்கச் சொல்லும் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.