ஒரு ஓட்டு ஆளுநர்

மார்கஸ் மார்ட்டன் 1839ல் மாசசூசெட்ஸ் ஆளுநர் தேர்தலில் ஒரே ஓட்டில் ஜெயித்தார் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். கணக்கைப் போட்டுப் பார்த்தால் கதை வேற மாதிரி இருக்கு.

மார்ட்டன் 51,034. எட்வர்ட் எவரெட் 50,725. உதிரிகள் 307. வித்தியாசம் 309 ஓட்டு. அப்புறம் "ஒரு ஓட்டு" எங்கிருந்து வந்தது? அன்றைய விதிப்படி முதலிடம் வந்தால் மட்டும் போதாது. பதிவான ஓட்டில் பாதிக்கு மேல் வாங்கணும். மொத்தம் 1,02,066. பாதி 51,033. மார்ட்டன் அதைவிட ஒன்றே ஒன்று கூட. அதில் ஒருத்தர் எவரெட்டுக்கு மாற்றிப் போட்டிருந்தால் முடிவு சட்டமன்றத்துக்குப் போயிருக்கும். அங்கே எவரெட்டின் விக் கட்சிக்குத்தான் பெரும்பான்மை. (மாற்றிப் போடாமல், கூடுதலாக ஒரே ஒரு எதிர் ஓட்டு விழுந்திருந்தால்? அப்பவும் மார்ட்டன்தான். இரண்டு விழுந்திருக்கணும். நம்ப முடியாமல் இருமுறை சரிபார்த்தேன்.)

மார்ட்டன் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி. அந்தப் பதவியில் இருந்துகொண்டே 1828லிருந்து வருஷா வருஷம் ஜனநாயகக் கட்சிக்காக நின்று தோற்ற மனுஷன். எவரெட்டோ நான்கு முறை தொடர்ந்து ஜெயித்த ஆளுநர். அவரைக் கவிழ்த்ததில் பெரும்பங்கு அவரே கையெழுத்துப் போட்ட 1838ஆம் வருஷத்து மதுச் சட்டத்துக்கு. சாராய வகைகளை 15 காலனுக்குக் குறைவாக விற்கக் கூடாது, அவ்ளோதான் சட்டம். 15 காலன்னா கிட்டத்தட்ட 57 லிட்டர்! வசதியானவன் பீப்பாயாக வாங்கி வைப்பான். கூலிக்காரன் ஒரு கிளாஸுக்கு எங்கே போவான்? ஏழைக்கு மட்டும் மதுவிலக்கா என்ற கோபம் கிளம்பியது. டெடம் ஊரில் ஒருத்தர் பன்றிக்குக் கோடு வரைந்து, கூடாரத்தில் வைத்து, அதைப் பார்க்கக் கட்டணம் வசூலித்தார். உள்ளே போனால் ரம் இலவசம்!

எண்ணிக்கையை உறுதிசெய்ய வேண்டியதும் அதே விக் சட்டமன்றம்தான். முடிவை எதிர்த்து வழக்காடச் சொல்லி எவரெட்டைக் கட்சிக்காரர்கள் நெருக்கினார்கள். சில சீட்டுகளைச் செல்லாது என்று தள்ளினாலே போதும். அவர் மறுத்துவிட்டார். இந்தக் கதையில் எனக்கு மார்ட்டனைவிட எவரெட்டைத்தான் பிடித்திருக்கிறது. 1863ல் கெட்டிஸ்பர்க்கில் லிங்கனுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் பேசியவர் இவரேதான்.

1840லேயே மதுச் சட்டம் ரத்தானது. கோபத்துக்குக் காரணம் போனது. அந்த வருஷத் தேர்தலில் மார்ட்டனும் தோற்றார். 1842ல் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. இந்த முறை விஷயம் நிஜமாகவே சட்டமன்றத்துக்குப் போனது. அங்கே தேர்வானவர், மார்ட்டன்.