புத்தகசாலைக் கதவு

வட அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்து அலெக்ஸாந்திரியா நகரப் புத்தகசாலை, பொதுப்பணத்தில் நடந்தும் வெள்ளையருக்கே உரியதாயிருந்தது. 1939-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி கறுப்பின வாலிபர் ஐவர் அங்கே சென்று அங்கத்தினர் சீட்டுக் கேட்டனர். மறுக்கப்படவே, ஆளுக்கொரு நூலை எடுத்துத் தனித்தனி மேஜையில் அமர்ந்து மௌனமாய் வாசித்தனர். போலீசார் அவர்களைக் கைது செய்தனர். இம்முறையை வகுத்தவர், 26 வயதே நிரம்பிய வக்கீல் ஸாமுவேல் டக்கர்.

1940-இல் கறுப்பினத்தாருக்கெனத் தனியே ஒரு சிறு புத்தகசாலை திறக்கப்பட்டது. அதன் சீட்டை டக்கர் ஏற்க மறுத்தார். தனிக்கட்டிடம் சமத்துவமாகாது என்பதே அவர் துணிபு. அவ்வாலிபர்மீது சுமத்திய குற்றச்சாட்டு எண்பதாண்டு கழித்து, 2019-இல், தள்ளுபடியாயிற்று.

இவ்வரலாறு ஆவணப்படமாகவும் வந்துளது. அதனை நம் வாசகசாலையில் நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோமாக. காட்டுமுன், அவ்வாசகசாலைக் கதவு பிற வகுப்பாருக்கும் திறந்துளதா என்று நாமே நோக்குவோமாக.