மியூசியத்துல செல்போன் கேமராவை ஆன் பண்ணலாமா? கலையை டாக்குமென்டரியாக்கும் டீன்ஏஜ் பிள்ளைகள்... தேனி மாணவர்களுக்கு என்ன வழி?

சமகாலக் கலைன்னா பெரியவங்களுக்கே பாதி புரியாது என்பார்கள். ஆனால் அதைப் படம் பிடித்து, நாலு பேருக்குப் புரியும்படி குறும்படமாக்கும் வேலை இப்போது பதின்ம வயதுப் பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டது. இதுபற்றி விரிவாகப் பார்க்கலாம்.

எங்கே நடக்கிறது?

அமெரிக்காவின் வாஷிங்டனில் உள்ள ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகம் நவீன, சமகாலக் கலைக்கானது. அங்கே 'ஆர்ட்லேப்' என்ற பெயரில் டீன்ஏஜ் பிள்ளைகளுக்கென்றே ஒரு டிஜிட்டல் ஸ்டுடியோ இருக்கிறது. வீடியோ, போட்டோ, இசை என எதை வேண்டுமானாலும் இலவசமாகக் கற்கலாம்.

நம்ம பக்கத்துல?

கம்பம், கூடலூர் மாணவர்களுக்கு சென்னை சுமார் 500 கி.மீ. ஆனால் குமுளி மலை ஏறினால் கேரளா. அங்கே ஃபோர்ட் கொச்சியில் 2012 டிசம்பர் 12-ல் தொடங்கியதுதான் கொச்சி-முசிறிஸ் பினாலே. பழைய கிடங்குகளே கலைக்கூடங்களாகும் இந்த விழாவில் குழந்தைகளுக்கான கலைப் பயிற்சிகளும் உண்டு. சென்னைக்குப் போனால் ஈசிஆரில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். கே.சி.எஸ்.பணிக்கர் தலைமையில் 1966-ல் ஓவியர்களே சேர்ந்து உருவாக்கியது.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கதான் பலரும் மாட்டுறாங்க. ஓவியர் வாழும் காலமும், இறந்தபின் 60 ஆண்டுகளும் படைப்புக்குக் காப்புரிமை உண்டு. ஆனால் 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு சில விலக்குகளைத் தருகிறது.

* பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் கலைப்படைப்பைப் படத்தில் சேர்க்கலாம்.
* பின்னணியில் தற்செயலாகத் தெரிந்தாலும் பிரச்சினை இல்லை.
* சில மாதங்களே நடக்கும் கண்காட்சியில் உள்ள படைப்பு 'நிரந்தரம்' ஆகாது. அதை மையமாக வைத்து எடுப்பதற்கு முன் ஓவியரிடமும் அமைப்பாளரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குவதே பாதுகாப்பு.

சட்டம் இடம் கொடுத்தாலும், கேமராவுக்குத் தடை போடவும் கட்டணம் வாங்கவும் மியூசியத்துக்குத் தனி விதிகள் இருக்கலாம். வாசலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

எப்படித் தொடங்குவது?

மூன்று நிமிடப் படத்துக்கு ஒரே ஒரு படைப்பு போதும். 'இது அழகா?' என்று கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். 'இதை எதில் செய்தார்கள், ஏன் இங்கே வைத்தார்கள், பார்ப்பவர் என்ன நினைக்கிறார்?' என்று கேட்டால் படம் நகரும். பேட்டி கொடுப்பவரின் சம்மதமும், ஆடியோவுக்கு ஒரு சின்ன மைக்கும் அவசியம்.

பயிற்சிக்கு கொச்சி வரைகூடப் போக வேண்டாம். லோயர்கேம்ப்பில் 2013-ல் திறக்கப்பட்ட பென்னிகுயிக் மணிமண்டபத்தில் அவரது சிலை நிரந்தரமாக நிற்கிறது. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஒரு இங்கிலாந்து இன்ஜினியருக்கு கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் இன்றும் ஏன் பொங்கல் வைக்கிறார்கள்? இந்த ஒரு கேள்வியிலேயே முதல் டாக்குமென்டரி ரெடி.