தஞ்சை சாஸ்திரியார் வீட்டுப் பாட்டு

தமிழ் இலக்கியத்தில் இரண்டு வேதநாயகங்கள் உண்டு. 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அவர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1774இல், திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர் மற்றவர். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார். கிறிஸ்தவச் சபைக்கு வெளியே அவர் பெயரைச் சொல்பவர்கள் குறைவு. சபைக்குள்ளே அவர் பாட்டு இல்லாமல் கலியாணமும் நடப்பதில்லை, கிறிஸ்துமஸும் வருவதில்லை.

1785இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். ஜெர்மனியிலிருந்து வந்து தமிழ், மராத்தி, பாரசீகம் எல்லாம் பேசப் பழகிய மனிதர். ஹைதர் அலியிடமே தூது போனவர். பாளையங்கோட்டையில் தேவசகாயம் என்பவரின் மகன் வேதநாயகத்தைப் பார்த்தார். பன்னிரண்டு வயதைத் தொடாத பையன். தகப்பனாரிடம் கேட்டுத் தன்னோடு தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்ப் படிக்கவைத்தார். அதே காலத்தில் சுவார்ட்ஸின் பொறுப்பில் இன்னொரு பையனும் வந்து சேர்ந்தான். தஞ்சை மன்னர் துளஜா தத்தெடுத்த சரபோஜி. வேதநாயகத்தைவிட மூன்று வயது இளையவன். பிற்காலத்தில் ஒருவர் அரசர், மற்றவர் கவிராயர். ஆனாலும் அந்தப் பிள்ளைப் பருவத்துப் பழக்கம் கடைசிவரை அறுபடவில்லை.

மேற்படிப்புக்கு வேதநாயகம் தரங்கம்பாடி போனார். அப்போது அது டென்மார்க்காரர்களின் ஊர். மிஷனரி சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கி, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்த இடம். அங்கே ஜான் ஐயரிடம் வேதபாடத்தோடு கணிதமும் வானசாஸ்திரமும் கற்றார். கற்றதை ஏட்டோடு விட்டுவிடவில்லை. தஞ்சாவூருக்குத் திரும்பி மிஷன் பள்ளியில் தலைமை ஆசிரியரான பிறகு, அதையெல்லாம் பாட்டாக்கினார்.

அப்படிப் பிறந்ததுதான் 1800ஆம் ஆண்டையொட்டி எழுந்த 'பெத்லகேம் குறவஞ்சி'. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி நாடெங்கும் பாடப்பட்ட காலம் அது. குறவஞ்சியில் தலைவி, உலாவரும் தலைவனைக் கண்டு மயங்குவாள். குறத்தி வந்து மலைவளம் பாடிக் கைபார்த்துக் குறி சொல்வாள். சிங்கன் பறவை பிடிப்பான். சாஸ்திரியார் இந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டார். தலைவன் பெத்லகேம் நாதர், தலைவி சீயோன் மகளான திருச்சபை, குறி சொல்லும் குறத்தி விசுவாசம், சிங்கன் ஊர் ஊராகப் போகும் உபதேசியார். நடுவிலே கோள்கள் சூரியனைச் சுற்றிவருவதையும் பாடிவிடுகிறார். கோப்பர்நிக்கஸின் வானத்தைக் குறவஞ்சி மேடையில் ஏற்றிய துணிவு அது. தமிழில் அறிவியல் எழுத்தின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் இந்த நூலிலிருந்து தொடங்கினால் நல்லது என்பேன். தஞ்சாவூர் அதற்கு ஏற்ற மண்ணாகவும் இருந்தது. சரபோஜியின் பெயரில் வழங்கும் மராத்தி 'தேவேந்திர குறவஞ்சி' உலக பூகோளத்தையே பாடமாக்குகிறது. அதே மன்னரைத் தலைவனாக்கிச் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய குறவஞ்சி பெரிய கோயிலில் ஆடப்பட்டது. கூப்பிடு தூரத்துத் திருவையாற்றில் தியாகராஜர் பாடிக்கொண்டிருந்தார்.

இந்தக் காற்றைச் சுவாசித்தவருக்கு ஜெர்மன் மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகள் மட்டும் போதவில்லை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று ராகதாளத்தோடு கீர்த்தனை செய்தார். சபையார் ஓய்வுநாள் ஆராதனைக்கு ஞானப்பாட்டையும், வீட்டு விசேஷத்துக்கும் பண்டிகைக்கும் கீர்த்தனையையும் பாடினார்கள். கிறிஸ்தவக் காலட்சேபம் என்ற ஒரு கலையே இப்படித்தான் வேர்பிடித்தது: நடுவில் பாகவதர் நின்று கதை சொல்ல, பக்கத்தில் பின்பாட்டு, சிப்ளாக்கட்டை. கதை நோவாவின் பேழையாக இருக்கும், கெட்ட குமாரன் திரும்பிவந்ததாக இருக்கும். நோவாவின் கப்பலைப் பற்றியே அவர் தனியாக ஒரு பாட்டு செய்திருக்கிறார்.

அவர் வாழ்வின் கசப்பான பகுதியையும் சொல்லியாக வேண்டும். 1820களில் தஞ்சாவூர் மிஷன் பழைய லுத்தரன் ஐயர்களின் கையிலிருந்து ஆங்கிலச் சபைச் சங்கத்தின் கைக்கு மாறியது. புதிதாக வந்த ஐயர்கள் பப்ரீசியுஸின் பழைய வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்த வேண்டும் என்றார்கள்; சபையில் எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டும், திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பருக வேண்டும் என்றார்கள். கீர்த்தனையும் பண்டிகைப் பூவும் அவர்கள் கண்ணுக்கு அஞ்ஞானமாகப் பட்டன. சாஸ்திரியார் அத்தனையையும் எதிர்த்து எழுதினார். கீர்த்தனைக்காக அவர் போராடியதற்குத் தமிழ்ச் சபை அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆனால் கோவிலில் வெள்ளாளருக்கு ஒரு பக்கம், பறையருக்கு ஒரு பக்கம் என்ற வழக்கத்தையும் அதே மூச்சில் அவர் காத்தார். அந்த இடத்தில் அவர் தவறினார். சாதி அன்றைய ஊர்வழக்கம் என்று சொல்லி அதைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. மறுபக்கம் உட்காரவைக்கப்பட்டவர்களும் அதே வேதத்தை வாசித்தவர்கள்தாம். 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கட்டளை அனுப்பியபோது, தஞ்சாவூரில் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள்.

அதற்குள் சாஸ்திரியார் மிஷன் வேலையை இழந்திருந்தார். 1829இல், ஐம்பத்தைந்து வயதில், குடும்பத்தோடு வருமானமின்றி நின்றவரைச் சரபோஜி அழைத்து அரண்மனைக் கவிஞராக வைத்துக்கொண்டார். சிவபக்தரான மராத்திய அரசர், கிறிஸ்துவைத் தவிர வேறு தெய்வத்தைப் பாட மறுத்த கவிஞருக்குச் சம்பளம் கொடுத்தார். 1798இல் சுவார்ட்ஸ் இறந்த பிறகு லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லிப் பளிங்குச் சிலை செய்வித்துத் தஞ்சைக் கோட்டைக் கோவிலில் வைத்தவரும் இதே சரபோஜிதான். அந்தச் சிலையில் மரணப் படுக்கையில் கிடக்கும் ஆசிரியரின் கையை மன்னரே பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

சரபோஜி 1832இல் காலமானார். அதற்குப் பிறகு சாஸ்திரியார் வாழ்ந்தது ஏறத்தாழ முப்பத்திரண்டு ஆண்டுகள். மிஷன் பதவி இல்லை, புரவலர் இல்லை. வீடு இருந்தது. மகளாக வளர்த்த ஞானதீப அம்மாள் அவரிடமே பாட்டுக் கற்று அவரோடு பாடினார். பெண்கள் சபையில் குரல் உயர்த்துவதே அரிதாக இருந்த நாளில் இது சாதாரண காரியமல்ல. மகன் நோவா ஞானாதிக்கம் தகப்பனின் வழியில் நடந்தார். பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பதும் குடும்ப ஜெபமும் அந்த வீட்டில் வெவ்வேறு வேலைகள் அல்ல. அவருடைய 'ஜெபமாலை' நூலைப் படிக்கும்போது, முதலில் வீட்டுக்குள் பாடிப் பிறகு வெளியே வந்த சொற்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சபை தள்ளிய கீர்த்தனை சபைக்குத் திரும்பிவந்ததும் அவர் கண் முன்னேதான். மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர், ஊர்மக்கள் எதை மனமுவந்து பாடுகிறார்கள் என்று கவனித்தார். சாஸ்திரியாரின் பாட்டுகளைத் தேடிச் சேர்த்து, 1853இல் கீர்த்தனைப் புத்தகமாக அச்சிட்டார். அப்போது கவிராயருக்கு எழுபத்தெட்டு வயது கடந்திருந்தது. பாமாலை ஒரு பக்கம், கீர்த்தனை ஒரு பக்கம் என்று தென்னிந்தியத் திருச்சபையார் இன்று கையில் வைத்திருக்கும் புத்தகத்தின் மூதாதை அதுதான்.

1855இல் கடைசி மராத்திய மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். கம்பெனி தஞ்சாவூரை எடுத்துக்கொண்டது. அதையும் பார்த்துவிட்டு, 1864 ஜனவரி 24 அன்று, தொண்ணூறாவது வயதில் சாஸ்திரியார் கண்மூடினார். அவர் வழிவந்தவர்கள் 'சாஸ்திரியார்' என்ற பட்டத்தையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகக் காலட்சேபம் செய்துவருகிறார்கள்.