சிரிப்பு நாடகம் வாங்கித் தந்த வீடு

போன ஞாயிறு புனேயில் எங்கள் தமிழ் அமைப்பின் கூட்டத்தில் ஒரே ரகளை. ஆண்டு விழாவுக்கு என்ன நாடகம் போடுவது என்பதுதான் விஷயம். பெரியவர் ஒருவர், "சரித்திர நாடகம்தான் போடணும். சிரிப்பு நாடகம் போட்டா நமக்கு என்ன மரியாதை?" என்றார். பொருளாளருக்கு வேறு கவலை. குழந்தைகளின் ஞாயிறு தமிழ் வகுப்பு நடக்கும் அறைக்கு வாடகை ஏறிவிட்டது. டிக்கெட் விற்றால்தான் வகுப்பு. நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மனசு பிரிஸ்டலுக்குப் போய்விட்டது.

2014-ல் அலுவலக வேலையாக மூன்று மாதம் அந்த ஊரில் இருந்தேன். அங்கே கிங் ஸ்ட்ரீட்டில் 1766-ல் திறந்த தியேட்டர் ராயல் இருக்கிறது. அதன் கூரைக்கு மேலே மரத்தால் செய்த நீண்ட ஓடை ஒன்று உண்டு. அதில் குண்டுகளை உருட்டிவிட்டால் கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இடி இடிப்பது போலக் கேட்கும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்து சவுண்ட் எஃபெக்ட்!

சரி, கதைக்கு வருவோம். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் அரசு எல்லா தியேட்டர்களையும் சினிமா கொட்டகைகளையும் மூடச் சொல்லியது. கூட்டத்தின் மேல் குண்டு விழுந்தால் என்னாவது என்ற பயம். ஆனால் ஜனங்களுக்குப் பொழுதுபோக்கே இல்லாவிட்டால் அதைவிட மோசம் என்று புரிந்து, சில வாரங்களிலேயே திறக்க விட்டார்கள். 1940 நவம்பர் 24 இரவு ஜெர்மன் விமானங்கள் பிரிஸ்டலின் நடுப்பகுதியை எரித்தன. ஊரின் இன்னொரு பெரிய அரங்கமான பிரின்சஸ் தியேட்டர் அன்றே போய்விட்டது. தியேட்டர் ராயல் எப்படியோ தப்பியது.

குண்டுக்குத் தப்பியது, ஏலத்துக்குத் தப்புமா? 1942-ல் கட்டடம் விற்பனைக்கு வந்தது. சரக்குக் கிடங்காகிவிடும் நிலை. ஊர்க்காரர்கள் நிதி திரட்டி, அறக்கட்டளை அமைத்துக் காப்பாற்றினார்கள். நாடகம் நடத்தும் பொறுப்பை, இசைக்கும் கலைகளுக்கும் உதவ 1940-ல் உருவான 'சீமா' என்ற அமைப்பு குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. அப்போது அதன் தலைவர், நம்மில் பலர் பொருளாதாரப் பாடத்தில் படித்த அதே கெய்ன்ஸ். பிரிட்டனில் அரசுப் பணம் நேரடியாக ஒரு தியேட்டரை நடத்தியது அதுவே முதல் முறை. இந்த சீமாதான் 1946-ல் ஆர்ட்ஸ் கவுன்சில் ஆனது.

1943 மே 11-ல் தியேட்டர் மறுபடி திறந்தது. போர் முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. வெளியே இருட்டடிப்பு, வீட்டில் ரேஷன். என்ன நாடகம் போட்டார்கள் தெரியுமா? கோல்ட்ஸ்மித்தின் 'ஷி ஸ்டூப்ஸ் டு காங்கர்'. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, மாமனார் வீட்டையே சத்திரம் என்று நினைத்துக்கொண்டு அதிகாரம் பண்ணும் கதை! அரசுப் பணத்தில் திறந்த அரங்கத்திலும் முதலில் கேட்டது சிரிப்புச் சத்தம்தான்.

1946-ல் லண்டன் ஓல்ட் விக்கின் கிளையாக பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகக் குழு வந்தது. அதே வருடம் நடிப்புப் பள்ளியும் ஆரம்பம். பள்ளி என்றதும் பெரிய கட்டடத்தைக் கற்பனை செய்யாதீர்கள். பழ மண்டி ஒன்றின் மாடியில் வகுப்பு! ஷேக்ஸ்பியர் வசனத்தை வாழைப்பழ வாசத்தோடு படித்திருப்பார்களோ என்னவோ.

1954 ஜூனில் குழுவின் இசைப் பொறுப்பாளர் ஜூலியன் ஸ்லேடும் நடிகை டோரதி ரெனால்ட்ஸும் கோடைக்காலத்துக்கென்று ஒரு லேசான பாட்டு நாடகம் எழுதிப் போட்டார்கள். பெயர் 'சாலட் டேஸ்'. புதிதாகக் கல்யாணமான ஜோடி, வாரம் ஏழு பவுனுக்கு ஒரு பழைய பியானோவைப் பார்த்துக்கொள்கிறது. அதை வாசித்தால் கேட்பவர்கள் எல்லோரும் ஆட ஆரம்பிக்கிறார்கள். அமைச்சர் அதைத் தடை செய்யப் பார்க்கிறார். நடுவில் பறக்கும் தட்டு வேறு. லாஜிக் கேட்காதீர்கள். பதினாலு வருட ரேஷன் அடுத்த மாதம் முடியப்போகிற நாட்டுக்கு அதுதான் தேவைப்பட்டது.

ஆகஸ்டில் நாடகம் லண்டனுக்குப் போய் 2,283 காட்சிகள் ஓடியது. பிரிட்டனில் அதுவரை எந்த இசை நாடகமும் அவ்வளவு ஓடியதில்லை. அந்த ராயல்டியிலிருந்து எழுதியவர்கள் கொடுத்த பணம்தான், 1956-ல் நடிப்புப் பள்ளி பழ மண்டியை விட்டு கிளிஃப்டன் பகுதியில் சொந்த இடத்துக்குப் போக உதவியது. பின்னாளில் அங்கே படித்தவர்களில் ஒருவர் டேனியல் டே-லூயிஸ். அட்டன்பரோவின் 'காந்தி' படத்தில் தெருவில் காந்தியை வம்புக்கிழுக்கும் பையன் ஞாபகம் இருக்கிறதா? அவரேதான்.

கட்டடத்தைக் காப்பாற்றியது ஊர். கதவைத் திறந்து வைத்தது அரசுப் பணம். பள்ளிக்கு வீடு வாங்கித் தந்ததோ, பெரியவர்கள் மதிக்காத ஒரு சிரிப்பு நாடகம். இதில் எது உயர்ந்தது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்லப்போகிறேன். இந்த வருடம் சிரிப்பு நாடகம் போடுவோம், வகுப்புக்கு வாடகை கட்டுவோம். அந்த வகுப்பில் தமிழ் படித்த பிள்ளைகளை வைத்து, நாலு வருடம் கழித்து ஐயா ஆசைப்படும் சரித்திர நாடகத்தைப் போடுவோம். அவரே ராஜாவாக நடிக்கட்டும்!

உங்கள் ஊர் தமிழ் அமைப்புகளில் என்ன நாடகம் போடுகிறீர்கள்? யார் வீட்டில் ஒத்திகை?