பிளேடு மாறியது, சாதி மாறவில்லை

தோழர்களே, சாதியின் வரலாற்றைக் கோயில், குளம், சுடுகாடு என்று பேசிவருகிறோம். இன்று ஒரு சவரக்கத்தியை வைத்துப் பேசுவோம்.

பிளேடு வருவதற்கு முன்பு முடிதிருத்துவோரின் அடைப்பத்தில் கத்தியோடு சாணைக்கல்லும் தோல்வாரும் இருக்கும். தண்ணீர் விட்ட கல்லில் கத்தியைப் படுக்கவைத்து, வாய் முன்னே போகும்படி தேய்ப்பார்கள். விளிம்பில் மெல்லிய பிசிறு எழும். பிறகு தோலில், முதுகு முன்னே போகும்படி இழுப்பார்கள். வாய் முன்னே போனால் தோல் அறுபடும். கல் கூர்மை தரும். பிசிறை எடுத்துப் பதம் தருவது தோல்தான்.

அந்தத் தோல் யார் கையிலிருந்து வந்தது? செத்த மாட்டைத் தூக்கு, உரி, பதனிடு என்று சாதி யார்மீது சுமத்தியதோ, அவர்கள் கையிலிருந்து. அவர்கள் பதனிட்ட தோலில் தீட்டிய கத்தி ஊரார் கன்னத்தில் ஓடலாம். அவர்கள் தலையை மட்டும் தொடக்கூடாது. "ஊருக்கு வைக்கும் கத்தியைச் சேரிக்கு வைப்பதா?" என்பதே நியாயமாகச் சொல்லப்பட்டது. முடிதிருத்துவோரும் களத்துத் தானியத்துக்குக் கட்டுப்பட்டவர்களே. மீறினால் ஊர் வேலை போய்விடும். தடை போட்டது ஆதிக்கச் சாதி.

எம்.சி.ராஜாவின் முயற்சியால் 1938இல் சென்னை மாகாணத்தில் சமூக இடையூறுகளை நீக்கும் சட்டம் வந்தது. புதுக்கோட்டை அன்று தொண்டைமான் சமஸ்தானம். மாகாணச் சட்டம் இங்கே செல்லாது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இணைந்தது. 1950இல் அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரால் சேவை மறுப்பதைக் குற்றமாக்கியது. 1976 முதல் அதன் பெயர் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம்.

இதற்கிடையே, 1904இல் அமெரிக்காவில் ஜில்லெட் காப்புரிமை பெற்ற மெல்லிய பிளேடு உலகெங்கும் பரவியது. கல்லும் வாரும் மறைந்தன. இன்று சலூனில் புது பிளேடைப் பாதியாக ஒடித்துப் பிடியில் செருகுகிறார்கள்; ஒருவருக்கு வைத்தது அடுத்தவருக்கு இல்லை. "ஒரே கத்தி" என்ற சாக்கு செத்துவிட்டது. ஆனாலும் மறுப்பு சாகவில்லை. அப்படியானால் பிரச்சினை என்றுமே கத்தியில் இல்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயல் கொடுமையை விசாரிக்கப்போன இடத்தில், இறையூர்த் தேநீர்க்கடையில் இரட்டைக்குவளை அகப்பட்டதை மறந்துவிடவில்லையே?

மாணவத் தோழர்களே, உங்கள் தாத்தாவுக்கு யார், எங்கே முடிவெட்டினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். இன்றும் மறுக்கும் கடை இருந்தால் தேதி, நேரம், சாட்சியோடு புகார் கொடுங்கள். முன்னது நம் வரலாறு. பின்னது நம் உரிமை.