பழைய ரேமுக்கு இடம் உண்டா?

மேசைக் கணினியின் மதர்போர்டை மாற்ற நினைப்பவர் முதலில் கேட்பது இதைத்தான்: கையில் இருக்கும் ரேம் புது போர்டில் பொருந்துமா? பொருந்தினால் அந்தக் காசை பிராசஸரில் போடலாம். பொருந்தாவிட்டால் பட்ஜெட் எகிறிவிடும். கடைக்காரரிடம் சர்வசாதாரணமாகக் கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு நாற்பது ஆண்டுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. இன்டெல் நிறுவனத்தையே வழிமாற வைத்த கட்டமும் அதில் உண்டு.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது ரேம் என்று தனியாக ஒரு பட்டை கிடையாது. மெமரி சிப்புகள் மதர்போர்டிலேயே வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒரு வரிசைக்கு ஒன்பது சிப். எட்டு சிப் தகவலுக்கு, ஒன்பதாவது பிழை பார்ப்பதற்கு. ஒரு வரிசை முழுதும் சேர்ந்து 16 கிலோபைட். முதல் வரிசை பற்றவைக்கப்பட்டே வந்தது. மற்ற மூன்று வரிசைகளில் வெறும் சாக்கெட்டுகள். மெமரி கூட்ட விரும்பியவர் ஒன்பது சிப்புகளை வாங்கி, பதினாறு கால்களையும் சாக்கெட் துளைகளுக்கு நேராகப் பிடித்து, கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். ஒரு கால் மடங்கினாலும் கணினி திரையில் பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடும். எல்லாம் சரியாக அமைந்த பிறகும் வேலை முடியாது. எவ்வளவு மெமரி இருக்கிறது என்பதை போர்டில் உள்ள குட்டி சுவிட்சுகளைத் தள்ளிக் கணினிக்குச் சொல்ல வேண்டும்.

இந்தச் சிரமத்தைத் தீர்த்தது சிம் எனப்பட்ட மெமரிப் பட்டை. வாங் லேபரட்டரீஸ் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய யோசனை அது. ஒன்பது சிப்புகளையும் சிறு பலகை ஒன்றில் பற்றவைத்து, அந்தப் பலகையை ஸ்லாட்டில் செருகினால் போதும். சிரமம் போனது, கணக்கு வந்தது. 30 முனை கொண்ட ஒரு சிம் ஒரு நேரத்தில் எட்டு பிட்தான் தரும். 486 பிராசஸருக்கு 32 பிட் வேண்டும். ஆகவே ஒன்று வாங்கிப் பயனில்லை, நான்காகத்தான் வாங்க வேண்டும். 72 முனை சிம் 32 பிட் தந்து அந்தத் தொல்லையைப் போக்கியது. ஆனால் அடுத்து வந்த பென்டியம் 64 பிட் கேட்டது, மறுபடி ஜோடி. 168 முனை கொண்ட டிம் பட்டை, எஸ்டிரேம் என்ற மெமரி வகையோடு பரவிய பிறகுதான் ஒற்றைப் பட்டையில் கணினி ஓடியது. பிராசஸரையும் மெமரியையும் இணைப்பது மதர்போர்டின் சிப்செட்; 1998இல் வந்த இன்டெல்லின் 440பிஎக்ஸ் சிப்செட்டும் 100 மெகாஹெர்ட்ஸ் எஸ்டிரேமும் நல்ல ஜோடியாக அமைந்தன.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை.

பிராசஸரின் வேகத்துக்கு எஸ்டிரேம் ஈடுகொடுக்காது என்று இன்டெல் கருதியது. மைக் ஃபார்ம்வால்டும் மார்க் ஹோரோவிட்ஸும் 1990இல் தொடங்கிய ராம்பஸ் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை அது தேர்ந்தெடுத்தது. அலுமினியக் கவசம் போர்த்திய ரிம் பட்டைகள் வந்தன. அவற்றில் சிக்னல் ஒரு ஸ்லாட்டுக்குள் புகுந்து வெளியேறி அடுத்த ஸ்லாட்டுக்குப் போகும். நடுவில் ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் பாதை அறுந்துவிடும். அதனால் காலி ஸ்லாட்டுகளிலும் சிப் இல்லாத வெற்றுப் பட்டையைச் செருகி வைக்க வேண்டியிருந்தது. விலையோ எஸ்டிரேமைப் போலப் பல மடங்கு.

ராம்பஸுக்கான 820 சிப்செட் 1999 செப்டம்பரில் வரவேண்டியது. மூன்று ஸ்லாட் கொண்ட போர்டுகளில் பிழை தெரியவந்ததால், வெளியீட்டுக்குச் சில நாள் முன்பு தள்ளிப்போடப்பட்டது. தயாரித்து வைத்த போர்டுகளோடு மதர்போர்டு நிறுவனங்கள் தவித்தன. நவம்பரில் இரண்டு ஸ்லாட்டோடு அது வெளிவந்தது. விலையைப் பார்த்துத் தயங்கியவர்களுக்காக, எஸ்டிரேமை அதே சிப்செட்டோடு பேசவைக்கும் ஓர் இடைச் சிப்பையும் இன்டெல் சேர்த்தது. அந்தச் சிப்பில் மின் இரைச்சல் புகுந்து கணினி உறைந்துபோகவோ தானாக ரீஸ்டார்ட் ஆகவோ வாய்ப்புண்டு என்று 2000 மே மாதத்தில் நிறுவனமே அறிவித்து, அது பொருத்தப்பட்ட போர்டுகளை மாற்றித் தர முன்வந்தது.

பழைய ரேமைக் கைவிட மனமில்லாதவர்களுக்கு வேறு வழி திறந்தது. தைவானின் வியா நிறுவனம் 133 மெகாஹெர்ட்ஸ் எஸ்டிரேமுக்கான சிப்செட்டுகளை விற்றது. மெமரி நிறுவனங்கள் கூடி முடிவெடுக்கும் ஜெடெக் அமைப்பு 2000 ஜூனில் டிடிஆர் தர வரையறையை வெளியிட்டது. கடிகாரத் துடிப்பின் ஏற்றத்திலும் இறக்கத்திலும் தகவல் அனுப்புவதால், அதே துடிப்பில் இரு மடங்கு வேலை. அக்டோபரில் ஏஎம்டி அதற்கான சிப்செட்டைக் கொண்டுவந்தது. ராம்பஸோடு வந்த பென்டியம் 4க்கும் 2001 செப்டம்பரில் எஸ்டிரேம் போர்டு வந்தது. சில மாதங்களில் டிடிஆரும் வந்தது. 2003இல் இரட்டைச் சேனல் டிடிஆர் போர்டுகள் வந்தபோது மேசைக் கணினியில் ராம்பஸின் காலம் முடிந்தது.

இந்த மாறுதல் காலத்தின் அருமையான பொருள் எலீட்குரூப் 2001இல் வெளியிட்ட கே7எஸ்5ஏ என்ற மலிவு மதர்போர்டு. அதில் எஸ்டிரேமுக்கு இரண்டு ஸ்லாட், டிடிஆருக்கு இரண்டு ஸ்லாட். இரண்டையும் ஒரே நேரத்தில் போட முடியாது. ஆனால் இன்று பழைய ரேமோடு ஓட்டிவிட்டு, கையில் பணம் சேர்ந்ததும் டிடிஆருக்கு மாறலாம். வருமானத்துக்கேற்பக் கணினியை வளர்ப்பவரை மனதில் வைத்துச் செய்த போர்டு அது. பின்னாளில் ஆஸ்ராக் நிறுவனம் டிடிஆர், டிடிஆர்2 இரண்டுக்கும் ஸ்லாட் வைத்து அதே வழியில் போனது.

தலைமுறைகளைப் பிரித்துக் காட்டுவது பட்டையின் அடிவிளிம்பில் உள்ள சிறு வெட்டு. எஸ்டிரேமில் இரண்டு வெட்டு, டிடிஆரில் ஒன்று. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்குமே 240 முனை. வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். காரணம் மின்னழுத்தம். முன்னது 1.8 வோல்ட், பின்னது 1.5 வோல்ட். தவறான பட்டை தவறான ஸ்லாட்டில் இறங்காதபடி அந்த வெட்டு தடுக்கிறது. 288 முனை கொண்ட டிடிஆர்4, டிடிஆர்5 பட்டைகளுக்கும் இதே ஏற்பாடுதான்.

2021இல் இன்டெல்லின் 12ஆம் தலைமுறை பிராசஸர்கள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டோடும் பேசின. எதை ஏற்பது என்பதை மதர்போர்டு தீர்மானித்தது. ஒரே மாடலின் டிடிஆர்4 வடிவத்தை அடையாளம் காட்ட ஏசூஸ் பெயரின் கடைசியில் ‘டி4’ என்று சேர்த்தது. மறுபுறம், 2022இல் வந்த ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் டிடிஆர்5ஐ மட்டுமே ஏற்றது. ஆனாலும் 2016இல் அறிமுகமான ஏஎம்4 போர்டையும் டிடிஆர்4 ரேமையும் வைத்திருந்தவர்கள் ஒதுக்கப்பட்டுவிடவில்லை. 2024இலும் அந்தப் பழைய சாக்கெட்டுக்குப் புதிய பிராசஸர்களை ஏஎம்டி வெளியிட்டது.